உர அட்டவணையின் கடைசி வரி: கோதுமைக்கு உர அளவு வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கோதுமைக்கான உரப் பரிந்துரைகளை வகுக்கும் வேளாண் அறிவியலாளர்களுக்கும், அவற்றை உழவர்களிடம் கொண்டு சேர்க்கும் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

கோதுமைச் சாகுபடிக் கையேடுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) இவ்வளவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) இவ்வளவு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) இவ்வளவு என்று ஓர் அட்டவணை; அடியுரம் எவ்வளவு, மேலுரம் எப்போது என்ற விளக்கம்; எல்லாம் முடிந்தபின், "இவற்றுடன் வேர் உட்பூசணமும் இடலாம்" என்று ஒரே ஒரு வரி. வேருக்குள் வாழ்ந்து, மண்ணிலிருந்து செடிக்குச் சத்தை எடுத்துத் தரும் பூஞ்சைதான் இந்த வேர் உட்பூசணம். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த வரி இருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தனக்கு மேலே இருக்கும் அட்டவணையோடு அதற்கு எந்த உறவும் இல்லை என்பது பல காலமாக என்னை உறுத்துகிறது. மணிச்சத்தை முழு அளவில் இடச் சொல்லிவிட்டு, மணிச்சத்து மிகுந்தால் வேருக்குள் நுழையவே முடியாமல் போகும் ஓர் உயிரையும் சேர்த்து இடச் சொல்கிறோம். உழவர் இரண்டுக்கும் பணம் கொடுக்கிறார். இரண்டில் ஒன்று அவருக்குப் பயன்படாமலே போகிறது.

கோதுமை வேர்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது என் அன்றாடப் பணி. தூர் கட்டும் பருவத்தில் பிடுங்கிய செடியின் மெல்லிய வேர்களைக் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால், உள்ளிருக்கும் பொருள் கரைந்து வேர் கண்ணாடி நூல்போல ஆகிவிடும். பிறகு பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்க வைத்து, வினிகர் சில துளிகள் விட்ட நீரில் ஊறவிட வேண்டும். 1998-இல் வெளியான இந்த எளிய முறைக்கு விலையுயர்ந்த வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை. கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், வெளிறிய வேர்ச் செல்களுக்கிடையே நீல இழைகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும். அங்கங்கே ஓர் இழை செல்லின் சுவரைத் துளைத்து உள்ளே சென்று, கிளைக்குள் கிளையாகப் பிரிந்து, இலை அடர்ந்த சிறு மரம் போல அந்தச் செல்லையே நிரப்பி நிற்கும். அந்த மரவடிவத்தைச் செடி தன் செல்சவ்வால் சுற்றிப் போர்த்தியிருக்கும். பூஞ்சை சுவரைக் கடந்தாலும் சவ்வைக் கடப்பதில்லை. சில நாட்களே வாழ்ந்து கரைந்துபோகும் அந்தச் சிறு மரங்களில்தான் கொடுக்கல் வாங்கல் முழுவதும் நடக்கிறது. மண்ணிலிருந்து வந்த மணிச்சத்தும் துத்தநாகமும் செடிக்குப் போகின்றன; ஒளிச்சேர்க்கையில் உருவான சர்க்கரையும் கொழுப்பும் பூஞ்சைக்கு வருகின்றன.

இந்த உறவுக்கு மைக்கோரைசா, அதாவது 'பூஞ்சை வேர்', என்று 1885-இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். உறவோ அதைவிட மிக மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள செடிப் புதைபடிவங்களில் இதே மரவடிவங்கள் காணப்படுகின்றன. நிலத்தில் வேர் என்ற உறுப்பு முழுமையாக உருவாகும் முன்பே செடிகள் பூஞ்சையின் துணையோடுதான் மண்ணிலிருந்து சத்தெடுத்திருக்கின்றன. கோதுமையும் அந்த வழியில் வந்ததே.

மணிச்சத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். தழைச்சத்து, நைட்ரேட் வடிவில், நீரோடு ஓடி வேரைத் தேடி வந்துவிடும். மணிச்சத்து அப்படி வராது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியமும், புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சி முடித்ததும், அந்த இடம் சத்து வறண்ட வளையமாகி விடுகிறது. அதற்கு அப்பால் சத்து இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. இட்ட மணிச்சத்து உரத்தில் அந்த ஆண்டுப் பயிர் எடுப்பது பொதுவாக 10 முதல் 25 விழுக்காடுதான் என்பது நீங்கள் அறிந்ததே. பூஞ்சை இழையின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. வேரோ வேர்த்தூவியோ புக முடியாத மண் இடுக்குகளில் அது நுழைகிறது. வறண்ட வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தொலைவு வரை போய்ச் சத்தைக் கொண்டுவருகிறது. உரத்தின் பெரும்பங்கு மண்ணில் சிக்கி நிற்கும் அதே இடத்தில்தான் இந்தப் பூஞ்சையின் பணி இருக்கிறது. உரத்தையும் பூஞ்சையையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைத்துப் பேசுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் செடி கணக்குப் பார்க்கும் உயிர். பூஞ்சையை வளர்க்க அது தன் ஒளிச்சேர்க்கை விளைச்சலில் 4 முதல் 20 விழுக்காடு வரை செலவிட வேண்டியிருக்கிறது. தன் உடலில் மணிச்சத்து போதுமான அளவு இருக்கும்போது அந்தச் செலவைச் செடி குறைத்துக்கொள்கிறது. மணிச்சத்துக் குறைவை உணர்ந்த வேர், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிட்டுப் பூஞ்சைக்கு அழைப்பு விடுக்கிறது என்பதை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மணிச்சத்து நிறைந்தால் அந்த அழைப்பு நின்றுவிடும். சூப்பர் பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரத்தை முழு அளவில் இட்ட பாத்தியிலிருந்து எடுத்த வேரில், ஒரு தகடு முழுக்கத் தேடியும் நீல இழை ஒன்றிரண்டு மட்டுமே தென்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பாத்தியில் எவ்வளவு உயர்ந்த பூஞ்சைக் கலவையை இட்டாலும் முடிவுப் பத்தியில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அந்த வரியைப் படிப்பவர், கோதுமைக்குப் பூஞ்சை பயன்படாது என்று எடுத்துக்கொள்வார். வேர் கதவைச் சாத்திக்கொண்ட நிலையில் நடந்த ஆய்வு அது என்பது அவருக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. வெங்காயத்தையோ ஆளிவிதைச் செடியையோ போல இந்தப் பூஞ்சையை முற்றிலும் நம்பி வாழும் பயிரல்ல கோதுமை. மெல்லிய, அடர்ந்த நார்வேர்த் தொகுதி அதற்கு உண்டு. பூஞ்சை புகுந்தபின் கோதுமையின் வளர்ச்சி சற்றுக் குறைந்த சோதனைகளும் இருக்கின்றன. 2018-இல் மேகன் ரையன், ஜேம்ஸ் கிரஹாம் என்னும் இரு ஆய்வாளர்கள், வயலை நிர்வகிக்கும்போது இந்தப் பூஞ்சைகளின் அளவையோ வகையையோ உழவர் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே மத்தியாஸ் ரில்லிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். இன்னொரு பக்கம், கோதுமையில் நடந்த 38 களச் சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியான பகுப்பாய்வு, பூஞ்சை இட்ட வயல்களில் மணி விளைச்சலும், மணியில் துத்தநாக அளவும் சராசரியில் உயர்ந்ததைக் காட்டியது. சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2023-இல் சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் ஒரே பூஞ்சையை இட்டுப் பார்த்தபோது, பயிர் வளர்ச்சி ஒரு வயலில் 12 விழுக்காடு குறைந்தது, இன்னொரு வயலில் 40 விழுக்காடு கூடியது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை மண்ணில் ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்களை வைத்தே, குறிப்பாக நோய்ப் பூஞ்சைகளை வைத்தே, முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. எனவே எல்லா வயலுக்கும் ஒரே பரிந்துரை எழுதுவதும் தவறு, எந்த வயலுக்கும் வேண்டாம் என்பதும் தவறு. எந்த வயலுக்கு என்று சொல்லும் பொறுப்பு உங்களிடம்தான் இருக்கிறது.

வளர்ச்சி கூடவில்லை என்பதாலேயே பூஞ்சை சும்மா இருந்தது என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. கதிரியக்க மணிச்சத்தைப் பூஞ்சை இழை மட்டும் எட்டக்கூடிய அறையில் வைத்து ஆய்வாளர் சாலி ஸ்மித் குழுவினர் 2003-இல் செய்த சோதனையில், தக்காளி பூஞ்சையால் கூடுதலாக வளரவில்லை. ஆனாலும் அது எடுத்த மணிச்சத்து ஏறக்குறைய முழுவதும் பூஞ்சை வழியாகவே வந்திருந்தது. 2006-இல் மணிச்சத்தைப் பிடித்துவைக்கும் சுண்ணாம்பு மண்ணில் வளர்த்த கோதுமையிலும், வளர்ச்சி கூடாத நிலையிலேயே, மணிச்சத்தின் கணிசமான பங்கு பூஞ்சை வழியாக வந்ததைக் கண்டார்கள். பூஞ்சை வந்ததும் செடி தன் நேரடி உறிஞ்சும் வழியை ஓரளவு மூடிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த மாற்றம் தெரியாது. தட்டையெடையும் மணியெடையும் மட்டும் குறிக்கும் பதிவேட்டில் அது ஒருபோதும் வராது.

துத்தநாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது வயலோடு முடியாமல் கோதுமையை உண்ணும் குழந்தையின் உடல் வரை போகும் செய்தி. மணிச்சத்து உரம் கூடக்கூடக் கோதுமை மணியில் துத்தநாகம் குறைவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. விளைச்சல் கூடுவதால் சத்து பரவி நீர்த்துப்போகிறது என்றும், இரண்டும் வேருக்குள் போட்டியிடுகின்றன என்றும் விளக்கம் சொல்லப்பட்டது. 2015-இல் துருக்கிய ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையின் எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரே மண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை அப்படியே வைத்து, மறுபாதியை நீராவியில் சூடேற்றி உயிர்களை நீக்கினார்கள். இயல்பான மண்ணில் மணிச்சத்தைக் கூட்டியபோது கோதுமையில் துத்தநாகம் சரிந்தது. உயிர் நீக்கிய மண்ணில் அதே அளவு மணிச்சத்தைக் கூட்டியும் அந்தச் சரிவு ஏற்படவில்லை. துத்தநாகத்தைச் சுமந்து வந்த பூஞ்சையை மணிச்சத்து உரம் வெளியேற்றியதுதான் சரிவுக்கு முக்கியக் காரணம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மணியில் சேரும் மணிச்சத்தின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் அடைகிறது. அந்த ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டு, உண்பவரின் குடல் அதை உறிஞ்ச விடாமல் செய்கிறது. ஆக, தேவைக்கு மேல் இட்ட மணிச்சத்து ஒருபுறம் துத்தநாகத்தைக் குறைக்கிறது, மறுபுறம் இருக்கும் துத்தநாகத்தையும் உடலுக்கு எட்டாமல் ஆக்குகிறது. பிறகு அந்தக் குறையைச் சரிசெய்ய இலைவழித் துத்தநாகத் தெளிப்பைப் பரிந்துரைக்கிறோம். தெளிப்பு நல்ல முறைதான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அட்டவணையின் முதல் பகுதி உண்டாக்கிய குறைக்கு நான்காம் பக்கத்தில் மருந்து எழுதுகிறோம் என்பதையாவது நாம் நமக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்காக மணிச்சத்தை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டன் கோதுமை மணி வயலைவிட்டுப் போகும்போது, தனிமக் கணக்கில் 3 முதல் 4 கிலோ பாஸ்பரஸ் அதோடு போகிறது. பூஞ்சை எந்தச் சத்தையும் புதிதாகப் படைப்பதில்லை. இருப்பதை எடுத்துத் தருகிறது, அவ்வளவே. எடுத்ததைத் திரும்ப வைக்காத மண், பூஞ்சை எவ்வளவு செழித்தாலும், ஒரு நாள் வற்றும். மணிச்சத்து மிகமிகக் குறைந்த மண்ணில் செடியும் பூஞ்சையும் ஒன்றுக்கொன்று போட்டியிட்டு இரண்டுமே மெலிகின்றன. அங்கே உரம் முதலில் வேண்டும். மண் பரிசோதனையில் மணிச்சத்து நடுத்தரம் என்று வந்த வயல்களிலும், ஆண்டாண்டாக டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் இட்டு இட்டு உயர்ந்த நிலைக்கு வந்துவிட்ட வயல்களிலும்தான் என் கேள்வி இருக்கிறது. தழைச்சத்தை இந்தக் காரணம் காட்டிக் குறைக்கவும் நான் கேட்கவில்லை.

சந்தையில் வரும் பூஞ்சைக் கலவைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பூஞ்சைகள் உயிருள்ள வேர் இல்லாமல் தம் வாழ்க்கைச் சுற்றை முடிப்பதில்லை. கொழுப்பமிலங்களைத் தாமே உண்டாக்கும் முக்கிய மரபணுக்கள்கூட அவற்றிடம் இல்லை. பாக்டீரியா உயிர் உரங்களைப் போலக் நொதிகலனில் பெருக்க முடியாது. தொட்டியில் வளரும் செடியின் வேரிலோ, ஆய்வகத்தில் பேணும் கேரட் வேரிலோதான் பெருக்க வேண்டும். அதனால் தரக் கட்டுப்பாடு கடினம். ஒருமுறை, காலாவதி ஆகாத ஒரு பொட்டலத்தை நீராவியில் சுத்தம் செய்த மணலில் கலந்து மக்காச்சோள விதையை ஊன்றினேன். ஆறு வாரம் கழித்து வேரைப் பிடுங்கிச் சாயமேற்றியபோது, ஒரே ஓர் இழைகூட இல்லை. உறையின் மேல் வித்துகளின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. வித்து இருப்பது வேறு, அது உயிரோடு இருந்து வேருக்குள் நுழைவது வேறு. வெயிலில் கிடங்கில் கிடந்த பொட்டலத்தில் வித்தின் ஓடு இருக்கும், உயிர் இருக்காது. பரிந்துரையில் இதைச் சேர்க்கும் நீங்கள், வித்து எண்ணிக்கையைத் தரச்சான்றாக ஏற்காமல், சோதனைச் செடியின் வேரில் பூஞ்சை புகுந்ததா என்ற முடிவைக் கேளுங்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையோடு இதைக் கலக்கலாமா என்பதையும் அந்தந்த மருந்துக்குத் தனியாகச் சோதித்து எழுதுங்கள். உழவர் இந்த இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடுகிறார், கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

உண்மையில், விலைக்கு வாங்காத பூஞ்சையே என் அக்கறையில் முதலிடம் பெறுகிறது. பெரும்பாலான விளைநிலங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை அழிக்காமல் வைத்திருப்பதே பெரிய உதவி. கடுகுக் குடும்பப் பயிர்களும் பீட்ரூட் குடும்பப் பயிர்களும் இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதில்லை. அவற்றை அடுத்து வரும் பயிரில் பூஞ்சை மெதுவாகவே புகும். ஆஸ்திரேலியாவின் டார்லிங் டவுன்ஸ் பகுதியில், நிலத்தை ஓராண்டுக்கு மேல் தரிசாகப் போட்டபின் விதைத்த பயிர்கள், மண்ணில் ஈரமும் சத்தும் இருந்தும் மணிச்சத்து, துத்தநாகக் குறைபாட்டோடு குன்றி நின்றன. அந்த 'நெடுந்தரிசு நோய்'க்குக் காரணம், இடம் கொடுக்கும் வேரின்றிப் பூஞ்சை அழிந்ததே என்று 1987-இல் ஆய்வாளர் ஜான் தாம்ப்சன் காட்டினார். அடிக்கடி ஆழ உழுவதும் இழை வலையை அறுத்துவிடுகிறது. முந்தைய பயிர் எது, தரிசு எவ்வளவு நாள், உழவு எத்தனை என்ற மூன்று கேள்விகளை மண் மாதிரி உறையில் எழுதிக் கேட்டாலே, எந்த வயலில் பூஞ்சையை வெளியிலிருந்து இட்டுப் பார்ப்பது பொருளுள்ளது என்று பாதி தெரிந்துவிடும்.

உங்களிடம் நான் கேட்பது சோதனை முறையில் ஒரு மாற்றம். முழு உர அளவை இட்டுவிட்டு அதன்மேல் பூஞ்சையைச் சேர்த்துப் பார்ப்பதை விடுத்து, மணிச்சத்தைச் சுழியம், கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து படிகளில் வைத்து, ஒவ்வொரு படியிலும் பூஞ்சை இட்ட பாத்தியும் இடாத பாத்தியும் அருகருகே அமையுங்கள். இடாத பாத்தியில் வெறும் மண்ணை விடாமல், அதே கலவையைச் சூடேற்றி உயிரிழக்கச் செய்து, அதில் இருந்த பாக்டீரியாக்களை வடிநீராகத் திரும்பச் சேர்த்து இடுங்கள். இல்லாவிட்டால் கலவையோடு வரும் சத்தின் விளைவையும் பாக்டீரியாவின் விளைவையும் பூஞ்சையின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரு பருவத்தோடு நிறுத்தாமல் அதே பாத்தியில் சில ஆண்டுகள் தொடருங்கள், ஏனெனில் மண்ணில் சேர்ந்திருக்கும் பழைய மணிச்சத்து முதல் ஆண்டில் எல்லா வேறுபாட்டையும் மறைத்துவிடும். அறுவடையில் எடையோடு மணியின் துத்தநாகத்தையும் ஃபைட்டேட்டையும் அளந்து எழுதுங்கள். முழு அளவில் கிடைக்கும் விளைச்சல் முக்கால் அளவிலும் பூஞ்சையோடு கிடைக்கிறதா, கிடைத்தால் எந்த மண் வகையில், எந்த ரகத்தில் என்பது அப்போது தெரியும். கிடைக்கவில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள். அந்த மண்ணுக்கான கையேட்டிலிருந்து கடைசி வரியை எடுத்துவிடலாம், உழவருக்கு ஒரு செலவு மிச்சமாகும். ரகங்களிடையே பூஞ்சையை ஏற்கும் திறனில் வேறுபாடு உண்டு என்பதால், உரம் கொழித்த பாத்தியில் மட்டுமே ரகம் தெரிவு செய்வதைப் பயிர்ப் பெருக்கத் துறையினரும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் நேரமோ நிதியோ இல்லை என்றால், இப்போது நடந்துகொண்டிருக்கும் உர அளவுச் சோதனைகளிலேயே ஒரே ஒரு பணியைக் கூட்டுங்கள். தூர் கட்டும் பருவத்தில் ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்தாறு செடிகளை மண்ணோடு பெயர்த்து, மேல் 15 சென்டிமீட்டரில் இருக்கும் மெல்லிய வேர்களை அறுபடாமல் கழுவி, பாதி நீர் கலந்த எத்தனாலில் சிறு குப்பிகளில் போட்டு வையுங்கள். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டைப் போடுங்கள், மையில் எழுதினால் சாராயத்தில் கரைந்துவிடும். அப்படி வைத்த வேர் பல மாதம் கெடாது. சாயமேற்றி எண்ணும் ஆள் உங்களிடம் இல்லையென்றால், அந்த வேலையைச் செய்ய என் போன்றோர் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கோதுமை வேர்களோடு பணிபுரியும் ஓர் ஆய்வகப் பணியாளர்